கழன்று வரும் தகரப் பெட்டி

புழல் சிறை வாசலில் காலை நேரத்தில் நின்றால், விசாரணைக் கைதிகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸார் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் போலீஸாரின் தோளில் த்ரீ நாட் த்ரீ தொங்கிய காலம் உண்டு. பிறகு எஸ்.எல்.ஆர். வந்தது, அதற்கும் பிறகு இன்சாஸ். மூன்றும் மூன்று தலைமுறை. ஆனால் மூன்றிலும் விசைக்கு முன்னால், துப்பாக்கியின் வயிற்றிலிருந்து கீழே நீட்டிக்கொண்டு ஒரு பெட்டி இருக்கும். உள்ளே தோட்டாக்கள் அடுக்கியிருக்கும். ஒரு கொக்கியை அழுத்தினால் பெட்டி தனியே கழன்று கைக்கு வந்துவிடும். அதை மேகசின் என்கிறார்கள். துப்பாக்கியிலேயே மலிவான உறுப்புகளில் ஒன்று அது. துப்பாக்கி திக்கும்போது, பழுதுபார்க்கும் ஆர்மரர் முதலில் சந்தேகப்படுவதும் அதைத்தான்.

இந்தப் பெட்டி பிறந்தது அமெரிக்காவில், பேரெடுத்தது இங்கிலாந்தின் என்ஃபீல்டில். என்ஃபீல்டு என்றதும் வடசென்னைக்காரர்களுக்குத் துப்பாக்கி நினைவுக்கு வராது, திருவொற்றியூர்தான் வரும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. அந்த ரெட்டிச் கம்பெனி முதலில் ஊசி செய்த கம்பெனி, அப்புறம் சைக்கிள் செய்தது. 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கைக்கு அது வந்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான உதிரிப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் தங்கள் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்று பேர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ராயலும் சேர்ந்துகொண்டது. வண்டியின் சின்னத்தில் பீரங்கி வந்ததும், துப்பாக்கி செய்வது போலச் செய்த வண்டி என்று விளம்பரம் செய்ததும் இந்த உறவால்தான். ஆக, புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் இருக்கும் பெயரும், த்ரீ நாட் த்ரீயின் முழுப்பெயரான லீ-என்ஃபீல்டில் இருக்கும் பெயரும் ஒரே ஊரைச் சொல்கின்றன. அந்த ஊருக்கும் புழலுக்கும் ஒரு ஒற்றுமை, தற்செயலானது: இங்கே ஏரி இருப்பதுபோல, அங்கே தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே லண்டனுக்குக் குடிநீர் தரும் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று 1913 முதல் இருக்கிறது.

லீ-என்ஃபீல்டில் என்ஃபீல்டு ஊர்ப் பெயர் என்றால் லீ ஆள் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-இல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவிடம் கடிகாரத் தொழில் கற்றுக்கொண்டார். துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது பையனாக இருக்கும்போதே. தானே செய்த துப்பாக்கியால் தன் குதிகாலிலேயே சுட்டுக்கொண்டார் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனார். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் ஆயிரம் சிறு ரைஃபிள்கள் செய்துதர அரசு ஒப்பந்தம் கிடைத்தது. செய்துகொண்டு போனால், குழலின் விட்டம் நாங்கள் கேட்டது இதில்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. ஒப்பந்தம் முறிந்தது. ஒரு இஞ்சில் நூற்றில் இரண்டு பங்கு அளவுக்கான தகராறு அது. பின்னாளில் அவர் கண்டுபிடித்த பெட்டியின் தலையெழுத்தும் இதே மாதிரி நூலளவுத் தகராறுகளில்தான் சிக்கிக்கொண்டது.

அதுவரை பல தோட்டாக்களை ஒரே துப்பாக்கியில் வைக்க என்ன செய்தார்கள்? குழாய் செய்தார்கள். ஸ்பென்சர் ரைஃபிளில் தோட்டாக் குழாய் பின்கட்டைக்குள் இருந்தது. ஹென்றி, வின்செஸ்டர் ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே, குழலோடு ஒட்டி நீளமாகப் போனது. குழாயில் தோட்டாக்கள் வரிசையாக, ஒன்றின் மூக்கு முன்னதன் பின்புறத்தைத் தொட்டபடி படுத்திருக்கும். தோட்டாவைத் தட்டிவிடும் மருந்து இருப்பதும் அந்தப் பின்புறத்தில்தான். கூரான மூக்குள்ள தோட்டாவைக் குழாயில் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தரையில் இடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தவிர, சுடச்சுடக் குழாய் காலியாகும், துப்பாக்கியின் கனம் இடம் மாறும்.

லீ தோட்டாக்களை வரிசையில் நிறுத்தாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். போல்ட்டுக்கு நேர் கீழே ஒரு தகட்டுப் பெட்டி, அடியில் வளைத்த ஸ்பிரிங், ஸ்பிரிங்மேல் ஒரு சிறு தட்டு. தட்டு தோட்டாக்களை மேலே தள்ளும். பெட்டியின் வாயில் இரண்டு பக்கமும் உள்நோக்கி மடிந்த விளிம்பு இருக்கும். ஆங்கிலேயர்கள் சொல்லும் உதடு என்ற சொல்லை நம்மூர் ஆர்மரர்களும் ‘லிப்’ என்றே வைத்துக்கொண்டார்கள். போல்ட் முன்னே போகும்போது மேல் தோட்டாவின் பின்புறத்தைத் தள்ளும், உதடு அதை விட்டுக்கொடுக்கும், தோட்டா குழலுக்குள் போகும். உடனே அடுத்தது மேலே வந்து நிற்கும். அத்தனை வேலையும் இந்த மூன்று பொருள்களால்தான் நடக்கிறது: உதடு, ஸ்பிரிங், தட்டு. 1879 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

காப்புரிமைப் பெட்டியின் புதுமை அது கழன்று வந்ததில் இருந்தது. நிரப்பிய பெட்டி ஒன்றைத் துப்பாக்கியில் வை, இன்னும் இரண்டைப் பையில் வை, காலியானதும் மாற்றிக்கொள் என்பது லீயின் எண்ணம். ஷார்ப்ஸ் கம்பெனி அவருடைய துப்பாக்கியைச் செய்ய முன்வந்தது. செய்து முடிப்பதற்குள் கம்பெனியே மூடிவிட்டது. ரெமிங்டன் எடுத்துக்கொண்டு முடித்தது. அமெரிக்கக் கடற்படை கொஞ்சம் வாங்கியது. பெரிதாக வாங்கிய நாடு பிரிட்டன்தான். பல வருட சோதனைக்குப் பிறகு 1888 டிசம்பரில் லீயின் பெட்டியும் போல்ட்டும், குழலின் உட்புறம் வெட்டிய வில்லியம் மெட்ஃபோர்டின் வரியும் சேர்ந்த லீ-மெட்ஃபோர்டு ராணுவத் துப்பாக்கியானது. முதலில் பெட்டியில் எட்டுத் தோட்டா, பிறகு பத்து. புகையில்லா மருந்தின் சூடு மெட்ஃபோர்டின் மென்மையான வரிகளை அரித்துவிட்டதால் 1895-இல் என்ஃபீல்டு வரி வந்தது, பெயரும் மாறியது. லீயின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கழன்று வரும் பெட்டியை வாங்கிய ராணுவம் அதைக் கழற்றவிடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிப்பாய் கையில் பத்துத் தோட்டா ஒரே நேரத்தில் கிடைத்தால் அனைத்தையும் விரயம் செய்துவிடுவான் என்று மேலதிகாரிகள் நம்பினார்கள். அதனால் பெட்டியின் மேல் வாயை மறைக்க ஒரு தகட்டுத் தடுப்பு வைத்தார்கள். சாதாரணமாகத் தடுப்பைப் போட்டுவிட்டு ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுட வேண்டும். எதிரி பாய்ந்து வரும்போது மட்டும், அதிகாரி உத்தரவு கொடுத்தால், தடுப்பை நீக்கலாம். பெட்டி தொலைந்துவிடும் என்ற பயம் வேறு. அதற்காக ஆரம்ப காலத் துப்பாக்கிகளில் பெட்டியைச் சிறு வளையத்தால் துப்பாக்கியோடு பிணைத்துவிட்டார்கள். மேசை மேலிருந்து அலுவலகப் பேனா போகாமல் நூலில் கட்டும் தபால் ஆபீஸ் மூளைதான்.

1903-04-இல் குட்டையான புது லீ-என்ஃபீல்டு வந்தபோது, மேலிருந்து ஐந்தைந்து தோட்டாக்களைத் தகட்டுப் பட்டையில் வைத்து ஒரே அழுத்தில் இறக்கும் முறை வந்தது. அதனால் பெட்டியைக் கழற்ற வேண்டிய தேவையே போய்விட்டது. 1914-இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நிமிடத்துக்குப் பதினைந்து தோட்டாக்களைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகியிருந்தது இந்தப் பட்டைகளால்தான். கழன்று வரும் பெட்டி துடைப்பதற்கு மட்டும் கழன்றது. லீ அந்த 1904-ஆம் ஆண்டே இறந்துவிட்டார்.

த்ரீ நாட் த்ரீ பெட்டியைக் கழற்றி மாற்றிப் போட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தத் தோட்டாவின் அடிப்பகுதியில் வெளியே நீட்டும் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். பின்னால் மாட்டிக்கொண்டால் வராது. நிரப்பும்போதே வரிசை சரியாக இருக்க வேண்டும். பெட்டியோ தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும் என்றில்லை. ஆர்மரர் உதட்டை இடுக்கியால் கொஞ்சம் விரித்து, கொஞ்சம் மடக்கி, இந்தத் துப்பாக்கிக்கு இந்தப் பெட்டி என்று பழக்கிவிடுவார். 1850-களிலேயே அமெரிக்க இயந்திரங்களை வரவழைத்து, ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தும்படி செய்யக் கற்ற தொழிற்சாலை என்ஃபீல்டு. அதற்கே பெட்டி விஷயத்தில் கை நடுங்கியது. வளைந்த தகடும் சுருண்ட ஸ்பிரிங்கும் கடைசல் பிடித்த இரும்பு போல் அளவுக்குக் கட்டுப்படுவதில்லை.

அமெரிக்கர்கள் 1936-இல் கேரண்ட் ரைஃபிளை எடுத்துக்கொண்டபோதும் கழன்று வரும் பெட்டி வேண்டாம் என்றார்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும், தொலையும், மண் புகும் என்று வாதிட்டார்கள். எட்டுத் தோட்டாக்களை ஒரு தகட்டுக் கொத்தாக உள்ளே போட்டார்கள். அவர்கள் பயந்தது வீண் பயமில்லை என்பதற்குப் பிரிட்டனின் ஸ்டென் துப்பாக்கி சாட்சி. அதன் பெட்டியில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக ஏறி, வாய்க்கு வரும்போது ஒற்றை வரிசையாகக் குறுகும். உதடு லேசாக நசுங்கினாலே நின்றுவிடும். 32 தோட்டாப் பெட்டியில் சிலவற்றைக் குறைத்தே நிரப்பும் வழக்கத்தைச் சிப்பாய்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

நம்மூர் எஸ்.எல்.ஆருக்கு வருவோம். ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா போகும். அந்த வெடிப்பின் வாயுவே போல்ட்டைப் பின்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியில் டியூடோனே செவ் வடிவமைத்து 1953-இல் வெளிவந்த எஃப்.ஏ.எல். துப்பாக்கிதான் இதற்கு மூதாதை. 1962-இல் சீனாவோடு நடந்த போரில் நம் சிப்பாய்கள் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ. தோல்விக்குப் பிறகு தானே நிரம்பும் துப்பாக்கி வேண்டும் என்ற அவசரம் கூடியது. கொல்கத்தாவுக்கு வடக்கே 1904 முதல் இருக்கும் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, வெளிநாட்டு மாதிரிகளைப் பிரித்துப் பார்த்து ‘1ஏ1’ என்ற இந்திய எஸ்.எல்.ஆரைச் செய்தது. பெல்ஜியத்தோடு உரிமத் தகராறு எழுந்து சமரசத்தில் முடிந்தது.

உலகம் முழுக்க இந்தத் துப்பாக்கி இரண்டு குடும்பமாகப் பிரிந்தது. பெல்ஜியமும் பெரும்பாலான நாடுகளும் மில்லிமீட்டர் அளவில் செய்தன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா இஞ்சு அளவில் திருத்தின. இரண்டும் ஒரே தோட்டாவைச் சுடும், பார்க்கவும் ஒன்று போலவே இருக்கும். பெட்டி மட்டும் வேறு. மில்லிமீட்டர்ப் பெட்டியின் முன்புறம் துப்பாக்கியில் மாட்டும் நாக்கு, தகட்டிலேயே அழுத்தி எழுப்பிய சிறு புடைப்பு. இஞ்சுப் பெட்டிக்குத் தனியாகப் பற்றவைத்த பெரிய கட்டி. அதனால் மில்லிமீட்டர்ப் பெட்டி இஞ்சுத் துப்பாக்கியில் பெரும்பாலும் நுழையும், கொஞ்சம் ஆடும். இஞ்சுப் பெட்டி மில்லிமீட்டர்த் துப்பாக்கிக்குள் நுழையவே நுழையாது. 1982-இல் ஃபாக்லாந்து தீவில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் இந்த இரு குடும்பத்துத் துப்பாக்கிகளால் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன.

தமிழ்ப் பத்திரிகைகளில் எஸ்.எல்.ஆர். என்ற மூன்றெழுத்து அதிகம் அடிபட்டது 2018 மே மாதம், தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள்மீது போலீஸார் சுட்டதில் 13 பேர் இறந்தபோது. வேன்மேல் ஏறிப் படுத்துக் குறிபார்த்த ஒரு காவலரின் படத்தை மறந்தவர்கள் குறைவு. ஒரு எஸ்.எல்.ஆர். பெட்டியில் 20 தோட்டா என்ற கணக்குக்கு அப்படி ஒரு பொருளும் உண்டு. லீயின் கைத்திறமையைப் பாராட்டும்போது இதையும் மறைக்க முடியாது.

இச்சாப்பூர் இன்னொரு வேடிக்கையும் செய்தது. பழைய த்ரீ நாட் த்ரீயின் அமைப்பை வைத்துக்கொண்டு, எஸ்.எல்.ஆரின் 7.62 தோட்டாவைச் சுடும்படி வலுவான எஃகில் ‘2ஏ’, ‘2ஏ1’ என்ற துப்பாக்கிகளைச் செய்தது. புதுத் தோட்டாவுக்கு வெளியே நீட்டும் விளிம்பு கிடையாது. அதனால் துப்பாக்கியைப் பார்த்தால் பழைய என்ஃபீல்டு, பெட்டி மட்டும் சதுரமாக, 12 தோட்டாவுக்கு. லீயின் எண்ணம் உருவம் மாறி 1960-களில் மீண்டும் வந்தது.

பின்னாளில் இந்தத் துப்பாக்கிகள் ஏராளமாக உபரி என்று விலக்கப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போயின. எஃப்.ஏ.எல். சாயல் துப்பாக்கிகளும் அங்கே விற்கின்றன. துப்பாக்கி நூறு வருஷம் உழைக்கும், பெட்டி உழைக்காது. ராணுவம் விற்ற பெட்டிகள் தீர்ந்தபின் தனியார் பட்டறைகள் அடித்துத் தள்ளின. நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது. புதுப்பேட்டைக்குப் போய் புல்லட்டுக்குக் கம்பெனி ஸ்பேர் கேட்டால் ஒரு விலை, லோக்கல் என்றால் ஒரு விலை என்பார்களே, அதே சங்கடம். அமெரிக்கச் சந்தையில் முதல் மரியாதை ராணுவ ஒப்பந்தத்தில் செய்த பழைய பெட்டிக்கு. அடுத்தது ராணுவத்துக்கே செய்துகொடுத்த பட்டறை தனியாருக்குச் செய்தது. மூன்றாவதாகத்தான் முகம் தெரியாத மாதிரிகள்.

தெரிந்தவர்கள் பார்ப்பதெல்லாம் எளிய விஷயங்கள்தான். வெறும் பெட்டியைச் செருகினால் கொக்கி தெளிவாகப் பற்ற வேண்டும், இழுத்தால் கழலக் கூடாது, முன்னும் பின்னும் அதிகம் ஆடக் கூடாது. தட்டை விரலால் அமுக்கினால் சாயாமல், உரசாமல் இறங்கி முழு வலுவோடு ஏற வேண்டும். இரண்டு உதடும் ஒரே உயரம், ஒரே வளைவு, பிசிறில்லாமல். தகட்டின் மூட்டு பற்றவைப்பு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். வாங்கிய பெட்டிகளுக்கெல்லாம் எண் எழுதிவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். துப்பாக்கி திக்கினால் குற்றவாளி துப்பாக்கியா, மூன்றாம் எண் பெட்டியா என்று அப்போதுதான் தெரியும். கூலிக்கு ஆள் வைத்துத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நாலு ரூபாய் ஸ்பிரிங்கில் கோளாறு கண்டவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு.

சட்டமும் பெட்டியைத்தான் குறிவைத்தது. 1994-இல் அமெரிக்கா பத்துக்கு மேல் கொள்ளும் புதுப் பெட்டிகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்தது. பத்து வருஷம் நீடித்த அந்தத் தடையில் அதற்கு முன் செய்த பெட்டிகளுக்குத் திடீர் மவுசு. கனடாவில் தானே நிரம்பும் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் ஐந்து தோட்டாதான். பெரிய பெட்டிக்குள் ஆணி அடித்து அடைத்துக் கொடுப்பார்கள். நம் நாட்டில் இந்தக் கவலையே இல்லை. த்ரீ நாட் த்ரீயும் 7.62-உம் சாமானியருக்குத் தடைசெய்த விட்டங்கள். உரிமம் உள்ளவருக்கு .315 என்ற விட்டத்தில், அதே என்ஃபீல்டு சாயலில் அரசுத் தொழிற்சாலை செய்த துப்பாக்கி உண்டு. நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு மேகசினே கிடையாது, வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டு இடிப்பது. ஆக, இங்கே ராணுவ ரகத் துப்பாக்கிக்கு உதிரி மேகசின் வாங்குபவர் அரசாங்கம் ஒருவர்தான். விற்பவரும் அரசாங்கமாகவே இருந்தது.

அதில் என்ன நடக்கும் என்பது 1999-இல் தெரிந்தது. எஸ்.எல்.ஆருக்குப் பதில் வந்த இன்சாஸ், 5.56 மி.மீ. தோட்டா, பிளாஸ்டிக் பெட்டி. எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்படி அரைக்கண்ணாடித் தன்மை. நல்ல யோசனை. கார்கில் மலைக் குளிரில் அந்தப் பெட்டிகள் விரிசல்விட்டன என்று புகார் வந்தது. மலிவான உறுப்புதான் உடைந்தது. தகட்டில் உதடு வளைந்தால் ஆர்மரர் இடுக்கியால் நிமிர்த்தலாம். பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்தால் தூக்கித்தான் எறிய வேண்டும்.

இன்சாஸைச் செய்தவற்றில் 1966-இல் தொடங்கிய திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையும் ஒன்று. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது அது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றின் கீழ் போனது. இப்போது அங்கே செய்யும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெட்டி வாழைப்பழம் போல வளைந்திருக்கும், கொள்ளளவு 30. அந்த வளைவு அழகுக்காக வந்ததில்லை. ஏ.கே. தோட்டாவின் உடல் அடியில் பருத்து நுனியில் மெலிந்தது. முப்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கே வளையும், நேர்ப் பெட்டிக்குள் நிற்காது. லீயின் பெட்டியைச் சுமந்த த்ரீ நாட் த்ரீக்கோ, உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு விடை கொடுத்துவிட்டது.